கண்ணாடியில் ஒரு புள்ளிக் கோலம்: பறவை மோதாத ஜன்னலுக்கு வழி

போன வருஷம் ஒரு நாள் காலையில் வெராந்தா பக்கத்து ஸ்லைடிங் டோரைத் திறக்கப் போனேன். கண்ணாடியில் ஒரு புறாவின் அச்சு பதிந்திருந்தது. விரிந்த இரண்டு சிறகு, அதில் இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. நடுவில் நெஞ்சு பட்ட வட்டம், அதன் மேல் ஒரு பக்கமாகத் திரும்பிய தலை, கண் இருந்த இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம். திருநீறு பூசின மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. புறா இனத்துக்கு இறகோடு மாவு போன்ற ஒரு தூள் உண்டு. மோதிய வேகத்தில் அந்தத் தூள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புறா கீழே கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் காடுகளில் இருக்கும் டாம்பரீன் புறா, வயிறு பளீரென்ற வெள்ளை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

எங்கள் வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், சில்வர்க்ளென் காப்புக்காட்டின் பக்கமாக இறங்கும் சரிவில் இருக்கிறது. 1960களில் எங்கள் தாத்தா குடிவந்தபோது இந்த வீட்டில் இருந்தவை இரும்புச் சட்டம் போட்ட சின்ன ஜன்னல்கள். ஒரு ஜன்னலுக்குள்ளேயே ஐந்தாறு சிறு கண்ணாடித் துண்டு, நடுநடுவே கம்பி. அந்தக் காலத்தில் பறவை மோதியதாக என் பாட்டி ஆயாவுக்கு நினைவே இல்லை. பிறகு அப்பா கூடம் கட்டினார், நாங்கள் வெராந்தாவை மூடினோம். இரும்பு போய் அலுமினியம் வந்தது, துண்டுக் கண்ணாடி போய் ஆளுயரக் கண்ணாடி வந்தது. காடும் பறவையும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பெரிதானது எங்கள் வீட்டுக் கண்ணாடிதான்.

பறவைக்கு ஏன் கண்ணாடி தெரியவில்லை என்பதை முதலில் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் மோதலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்ட எந்த ஃபிலிமை வாங்குவது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் நேராக வரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகம் சேர்ந்தால் 8 விழுக்காடு. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் பகலில் தோட்டத்து வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த 8 விழுக்காடே அறைக்குள்ளிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தை அமுக்கிவிடும். வெளியே நின்று பார்த்தால் ஜன்னலில் மாமரமும் வானமும்தான் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். நமக்குச் சட்டம், தாழ்ப்பாள், திரைச்சீலை இவற்றைப் பார்த்ததும் “இது கண்ணாடி” என்று புரிந்துவிடும். குழந்தையில் ஒன்றிரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்டு கற்ற பாடம் அது. பறவைக்கு அந்தப் பாடம் கிடையாது. மரம் தெரிந்தால் அது மரம்தான், வானம் தெரிந்தால் அது வழிதான்.

உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் ஆபத்து என்று தெரிய ஒரு சோதனை உண்டு. காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி, மூன்று வேளையும் தோட்டத்தில் நின்று வீட்டைப் பாருங்கள். மரக்கிளை உயரத்திலிருந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இலையும் வானமும் தெளிவாகத் தெரிகிற கண்ணாடிதான் முதலில் கவனிக்க வேண்டியது. தென்னாப்பிரிக்காவில் சூரியன் பெரும்பாலும் வடக்குப் பக்கமாகப் போவதால், தெற்குப் பார்த்த ஜன்னல் நிழலிலேயே இருக்கும். “நிழலில் இருக்கிற ஜன்னல்தானே” என்று நான் அதை விட்டுவைத்திருந்தேன். அந்த ஜன்னலுக்கு எதிரே நிற்கும் மரங்களின் வெயில் படும் பக்கம் நம் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. நிழல் கண்ணாடியில் வெயில் மரம் படமாக விழும். எங்கள் வீட்டில் அதிகம் மோதியது அந்தத் தெற்கு ஜன்னலில்தான்.

திருடன் நுழையாமல் ஜன்னலுக்குப் போடும் பர்க்ளர் கார்ட் இருக்கிறதே, கம்பி பறவைக்குத் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். நம் ஊரில் கம்பி கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும். வெளியே விழும் மரத்தின் படம் அந்தக் கம்பியை மறைத்துவிடும்.

இன்னொரு வகை ஆபத்து, ஊடே தெரிவது. கூடத்தின் இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, நேர் எதிரே இன்னொன்று என்றால், பறவைக்கு வீட்டுக்குள்ளே ஒரு பாதை இருப்பதுபோல் தோன்றும். மூலையில் இரண்டு கண்ணாடி சேர்கிற இடமும் அப்படித்தான்.

இது ஏதோ அடுக்குமாடிக் கட்டடங்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டேனியல் க்ளெம் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து இதையே ஆராய்ந்து வந்தார். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடியிலிருந்து 100 கோடி வரை பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 1990இல் கணக்குச் சொன்னார். 2014இல் வந்த வேறொரு ஆய்வும் 36.5 கோடி முதல் 98.8 கோடி என்று அதையொட்டியே சொன்னது. அந்த இரண்டாவது ஆய்வில் என்னை நிறுத்திய தகவல் வேறு. அந்தச் சாவுகளில் வானுயரக் கட்டடங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 44 விழுக்காடு நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகளில். ஒரு வீட்டில் வருஷத்துக்கு இரண்டு மூன்றுதான். வீடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

புறா செத்த அன்றே கடைக்குப் போய்ப் பருந்து வடிவத்தில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் வாங்கி வந்து, கண்ணாடியின் நடுவில் ஒட்டினேன். பருந்தைக் கண்டால் சின்னப் பறவை பயந்து ஓடும் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் வாரம் ஒரு டாப்பி, அதாவது நம் ஊர்க் கொண்டைக்குருவியின் இனம், அந்தப் பருந்துக்கு ஒரு முழம் தள்ளி மோதி விழுந்தது. அசையாத பருந்து பறவைக்குப் பருந்தே இல்லை. அது ஒரு தடை, அவ்வளவுதான். தடையைச் சுற்றிப் பறந்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் மோதியது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நாம் ஒட்டுகிற படம் என்ன படம் என்பது பறவைக்கு ஒரு பொருட்டே இல்லை. இலைக்கும் கிளைக்கும் நடுவே நுழைந்து நுழைந்து பறந்து பழகிய உயிர் அது. “இந்த இடைவெளியில் என் உடம்பு நுழையுமா?” என்பதைத்தான் கண் அளக்கும். உள்ளங்கை அளவு இடம் இருந்தால் நுழையப் பார்க்கும், இல்லாவிட்டால் விலகிப் போகும். அதனால் கண்ணாடி முழுவதும் எங்கேயுமே நுழைய இடமில்லாததுபோல் காட்ட வேண்டும். ஆய்வுகளிலிருந்து எடுத்த அளவு இதுதான்: குறிக்கும் குறிக்கும் நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மேலும் கீழும் பக்கவாட்டிலும். புள்ளியானால் குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலம், கோடானால் 3 மில்லிமீட்டர் தடிமன். கண்ணாடியின் ஓரம்வரை வர வேண்டும்.

ஐந்து சென்டிமீட்டர் என்றால் இரண்டு அங்குலம். ஆயா இதைக் கேட்டுவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார். “மூணு விரக்கடை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதானே கண்ணு?” என்றார்.

அதே மாதிரிதான். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்தச் சூத்திரம் முழுக்க ஏற்கெனவே தெரியும். கோலத்தில் முதலில் வருவது புள்ளி, கோடு பிறகுதான். புள்ளி சீராக இல்லாவிட்டால் கோலம் நிற்காது. இங்கே கோடே வேண்டாம், புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். பழந்தமிழில் பறவைக்குப் புள் என்று பெயர். புள்ளுக்காகப் புள்ளி வைக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று ஆயா கேட்டதுதான் நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5 செ.மீ. கட்டமாக நேர்ப்புள்ளி வைத்தால், நான்கு புள்ளிகளுக்கு நடுவில் ஏறத்தாழ 7 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம் காலியாகக் கிடக்கும். அதே எண்ணிக்கைப் புள்ளிகளை, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைப் புள்ளி தள்ளி, ஊடுபுள்ளியாக வைத்தால் அந்தக் காலி வட்டம் 6.25 செ.மீ.க்குச் சுருங்கும். செலவு அதேதான், ஓட்டை சிறிது. நேர்ப்புள்ளியும் போதும். ஆனால் கையால் வைக்கிறவர்கள் ஊடுபுள்ளியாகவே வைக்கலாம்.

இவ்வளவு புள்ளி வைத்தால் வீடு இருண்டுவிடாதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். ஒன்றரை மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னலுக்கு 30 வரிசைக்கு 24 என்று 720 புள்ளி வரும். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் 6 மி.மீ. புள்ளிகள் எல்லாம் சேர்ந்து மறைக்கிற பரப்பு கண்ணாடியில் நூற்றில் ஒரு பங்குதான், கொஞ்சம் கூட. இரண்டு நாளில் உங்கள் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிடும்.

இது வேலை செய்யுமா என்பதற்குச் சிகாகோவில் ஒரு சாட்சி இருக்கிறது. ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற பெரிய மாநாட்டுக் கட்டடம். 2023 அக்டோபர் 5 அன்று வலசை போன பறவைகளில் ஏறத்தாழ ஆயிரம் அதன் கண்ணாடியில் மோதி ஒரே நாளில் செத்தன. 2024 கோடையில் அந்தக் கண்ணாடி முழுக்க இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளி ஃபிலிம் ஒட்டினார்கள். அடுத்து வந்த வலசைக் காலத்தில் சாவு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது.

இரண்டாவது விதியும் முதல் விதி அளவுக்கே முக்கியம்: ஒட்டுவது கண்ணாடியின் வெளிமுகத்தில். படம் முதலில் விழுவது வெளிமுகத்தில்தானே. உள்பக்கம் ஒட்டிய ஃபிலிம், உள்பக்கத்துப் பர்க்ளர் கார்டைப் போலவே, அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். உள்ளே ஒட்டுவது சுலபம், மழை படாது, ஏணி வேண்டாம். அந்த ஆசையில் நானும் குளியலறை ஜன்னலுக்கு உள்ளே ஒட்டினேன். வெளியே வந்து பார்த்தால் வானம் அப்படியே இருந்தது.

கடையில் என்ன கேட்டு வாங்குவது? நம் ஊரில் ‘சாண்ட்பிளாஸ்ட்’ என்று கேட்டால் பால் நிறத்தில் மங்கலான வினைல் ஃபிலிம் தருவார்கள். பூ, மூங்கில், கட்டம் என்று அழகுக்காக வெட்டியும் தருவார்கள். முழுசாக ஒட்டினால் பிரதிபலிப்பு செத்துப்போகும், பறவைக்கு அது சுவர் மாதிரி. குளியலறைக்கும் மாடிப்படி ஜன்னலுக்கும் அருமை. வெளிச்சமும் வேண்டும், தோட்டமும் தெரிய வேண்டும் என்றால் அதே வினைலை அரை சென்டிமீட்டர் பட்டையாக வெட்டித் தரச் சொல்லி, 5 செ.மீ. இடைவெளியில் ஒட்டலாம். புள்ளிகளாகவே வரும் டேப் சுருளும் உண்டு. விலை கூடுதல், வேலை குறைவு. அலங்கார வடிவம் விருப்பம் என்றால் தாராளமாக வாங்குங்கள், பூவுக்கும் பூவுக்கும் நடுவே மூன்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு. நான்காவது விரலும் நுழைந்தால் வேண்டாம். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். கண்ணாடியில் விழும் கரும்பச்சை இலைப் படத்தின் மேல் வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும். வெளிப்புறத்துக்கு என்று செய்த வினைலா என்றும் கேளுங்கள். உள்புற வினைல் நம் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் ஓரத்திலிருந்து சுருள ஆரம்பித்துவிடும்.

வாங்கக் கூடாதது ஒன்று உண்டு. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் மிர்ரர் ஃபிலிம். வெப்பம் குறையும், பக்கத்து வீட்டாருக்கு உள்ளே தெரியாது என்று சொல்லி எனக்கும் ஒருவர் அதை விற்கப் பார்த்தார். பறவை விஷயத்தில் அது இருக்கிற ஆபத்தைப் பல மடங்காக்கும். நமக்குத் தெரியாமல் பறவைக்கு மட்டும் தெரியும் என்று சொல்லும் புற ஊதா ஸ்டிக்கர்களையும் நான் நம்பி வாங்கமாட்டேன். சிட்டுக்குருவி போன்ற பாடும் பறவைகளின் கண் புற ஊதாவை நன்றாகப் பார்க்கும். புறாவின் கண்ணும் பருந்தின் கண்ணும் அந்த அளவுக்குப் பார்க்காது. விடியற்காலை வெளிச்சத்தில் புற ஊதாவே குறைவு. அந்தப் பூச்சு வெயிலில் மங்கியும் போகும்.

ஒட்டும் வேலை ஒரு சனிக்கிழமை காலையில் முடியும். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். மலைப்பக்கமிருந்து சூடாக பெர்க் காற்று அடிக்கிற நாள் வேண்டாம், சோப்புத் தண்ணீர் ஃபிலிமை வைப்பதற்குள் காய்ந்துவிடும். மழை நாளும் வேண்டாம். மேகம் போட்ட, காற்றில்லாத காலை உத்தமம். கண்ணாடியை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். கடற்கரை ஊரில் கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிந்திருக்கும், அது இருந்தால் பசை பிடிக்காது. பழைய பெயின்ட் சொட்டை பிளேடால் சுரண்டுங்கள்.

முழு ஃபிலிம் என்றால், ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. கண்ணாடியில் ஓடும் அளவுக்கு அடித்து, பின்தாளை உரித்த ஃபிலிமை மேலிருந்து விடுங்கள். ஈரம் இருக்கும்வரை நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளுங்கள். தோசைக் கல்லில் மாவை நடுவிலிருந்து சுற்றி இழுப்பது போல, அழுத்தம் சீராக இருக்க வேண்டும். சட்டத்தை ஒட்டி இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். சட்டத்தின் மேல் ஏறினால் அங்கிருந்துதான் உரியும். சின்னக் குமிழ்கள் சில நாளில் தானாக வற்றும்.

புள்ளி டேப்புக்குத் தண்ணீர் வேண்டாம், காய்ந்த கண்ணாடிதான். மேலேயும் கீழேயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 5 செ.மீ.க்கு ஒரு பேனாக் குறி போட்டுக்கொண்டு, டேப்பைக் குறிக்குக் குறி நேராக இழுத்து ஒட்டி, ஒவ்வொரு புள்ளியையும் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, டேப்பை மெல்ல உரியுங்கள். புள்ளி மட்டும் நிற்கும். எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு. பெரிய ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் உட்கார்ந்து உரித்துவிடும். புள்ளியில் நகம் மாட்ட இடமில்லாததால் அதை விட்டுவிட்டது.

ஃபிலிம் வாங்கப் பணம் ஒதுங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆயா செய்ததைச் சொல்கிறேன். துணி துவைக்கும் பச்சை சன்லைட் சோப்புக்கட்டியை மூலையில் சீவி, தெற்கு ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, எட்டின உயரம்வரை ஊடுபுள்ளி வைத்தார். மேல் பாதியை நான் வைத்தேன். எண்பது வயதுக் கை, அளவுகோல் இல்லை, விரலை வைத்து அடுத்த புள்ளி, விரலை வைத்து அடுத்த புள்ளி. நான் டேப் பிடித்து அளந்தபோது பெரும்பாலும் நான்கரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தது. நான் வைத்த வரிசைதான் கோணியிருந்தது. மழைக்கு அழியும், மறுபடி வைக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடைக்கால மழைக்கு நடுவிலும் அந்த ஜன்னலில் ஒரு மோதல்கூட நடக்கவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு விஷயம், கண்ணாடியைக் கொத்துகிற பறவை. காரின் பக்கக் கண்ணாடியில் வாலாட்டிக் குருவி மணிக்கணக்கில் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் தன் உருவத்தை எதிரி என்று எண்ணி விரட்டுகிறது. நாட்டின் வடகிழக்கில் தரை இருவாச்சி என்ற பெரிய கரும்பறவை இதே கோபத்தில் பண்ணை வீட்டு ஜன்னலையும் பள்ளி ஜன்னலையும் உடைத்தே விடும். இதற்குப் புள்ளி உதவாது, புள்ளிக்கு நடுவிலும் எதிரி தெரிவான். அந்த இடத்தை மட்டும் வெளிப்பக்கம் முழுதாக மறைக்க வேண்டும். சாண்ட்பிளாஸ்ட் ஃபிலிமோ, சோப்பைக் குழைத்துப் பூசிய ஒரு பூச்சோ போதும். காருக்கு ஒரு துணிப்பை. சில வாரத்தில் அந்தக் காலம் முடிந்துவிடும்.

மீறி ஒரு பறவை மோதி விழுந்தால், காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம், மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அடி பெரும்பாலும் தலைக்குள்தான் இருக்கும். பறந்து போனதெல்லாம் பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. தெளிந்து படபடத்தால் பெட்டியைத் தோட்டத்தில் வைத்துத் திறங்கள். தெளியாவிட்டால் டர்பன்காரர்கள் யெல்லோவுட் பார்க்கில் இருக்கும் க்ரோ காட்டுயிர் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோகலாம்.

அந்தப் பெட்டியில் நான் முதலில் வைத்தது குட்டி மீன்கொத்தி (பிக்மி கிங்ஃபிஷர்) என்ற இனத்துப் பறவை ஒன்று. பெயர்தான் மீன்கொத்தி, தின்பது வெட்டுக்கிளியும் பூச்சியும். செம்மஞ்சள் வயிறு, நீல முதுகு, பவழ அலகு, என் உள்ளங்கைக்குள் முழுதாக அடங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அம்பு மாதிரி காட்டுக்குள் போனது. அந்த இனம் வடக்கே வெப்ப நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நம் பக்கம் குஞ்சு பொரிக்க வரும். வெராந்தாக் கதவுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் ஃபிலிம் ஒட்டியாயிற்று. சமையலறை ஜன்னல் பாக்கி இருக்கிறது. செப்டம்பருக்கு இன்னும் மூன்று வாரம். சுருள் வரவில்லை என்றால் அதற்கும் சோப்புக்கட்டிதான் என்று ஆயா இப்போதே சீவி வைத்துவிட்டார்.